அப்லேஷனில் வரும் அரிய இதயச் சிக்கல்கள்: "300 பேருக்கு ஒன்றும் ஆகவில்லை" என்பது போதுமா?

4 பிப்ரவரி 2025 – வாசகரின் கேள்வி

என் கணவருக்கு வயது 58. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிக்கும் கோளாறு, சில ஆண்டுகளாக வந்து வந்து போகிறது. மாத்திரைகளை மாற்றிப் பார்த்தும் அடங்கவில்லை. கதீட்டர் அப்லேஷன் (மெல்லிய குழாயை இதயத்துக்குள் விட்டு, கோளாறுக்குக் காரணமான இடத்தில் தழும்பு உண்டாக்கும் சிகிச்சை) செய்துகொள்ளலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். கையெழுத்துக்காகக் கொடுத்த ஒப்புதல் படிவத்தில் இதய உறையில் ரத்தம் தேங்குதல், பக்கவாதம், உணவுக்குழாயில் துளை, மரணம் என்று ஒரு பக்கம் முழுவதும் நிரம்பியிருக்கிறது. கேட்டபோது, "நான் 300 பேருக்குச் செய்திருக்கிறேன், இவற்றில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை" என்றார். இதை நம்பிக் கையெழுத்துப் போடலாமா?

4 பிப்ரவரி, இரவு

நான் மருத்துவன் அல்லன். கேத் லேபில், அதாவது இந்தச் சிகிச்சை நடக்கும் அறையில், கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கும் பதிவுக் கணினியின் முன்னால் உட்கார்ந்து, இதயத்தின் உள்ளிருந்து வரும் மின்கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்த தொழில்நுட்பப் பணியாளன். இப்போது அந்த வேலையில் இல்லை. சொல்வதை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 300. ஒரு விபரீதம் இத்தனை பேரில் ஒருவருக்கும் நேரவில்லை என்றால், 3ஐ அந்த எண்ணிக்கையால் வகுத்து வருவதுவரை அதன் உண்மையான விகிதம் இருக்கலாம் என்று புள்ளியியலில் ஒரு பழைய கணக்கு உண்டு. 95 சதவீத உறுதியோடு சொல்லக்கூடிய மேல் எல்லை அது. 300 பேரில் ஒருவருக்கும் இல்லை என்றால் உண்மையான விகிதம் 1 சதவீதம்வரை இருக்க இடமுண்டு. உணவுக்குழாய்த் துளையோ ஏறத்தாழ 4,000 பேரில் ஒருவருக்கு வருவது. ஆண்டுக்கு 200 பேருக்குச் செய்யும் மருத்துவர்கூடச் சராசரியாக 20 ஆண்டுகளுக்கு ஒன்றைத்தான் எதிர்கொள்வார். ஆகவே அதை அவர் பார்க்காதது அவருடைய திறமைக்கும் சான்றில்லை, திறமைக் குறைவுக்கும் சான்றில்லை.

இதய உறையில் ரத்தம் தேங்குவது அப்படியல்ல. அது 100 பேரில் ஒருவருக்கு அல்லது அதற்குச் சற்றுக் குறைவாக நேர்வது. 300 பேருக்குச் செய்து அதை ஒரு முறையும் பார்க்கவில்லை என்றால் நல்ல அதிர்ஷ்டம்தான். அது நேர்ந்தால் அங்கே யார், என்ன செய்வார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பதிலில் தயக்கம் இருக்கிறதா என்பதை வைத்து நிறையத் தெரிந்துகொள்ளலாம்.

5 பிப்ரவரி

இதய உறையில் ரத்தம் எப்படித் தேங்குகிறது என்று வேறொருவர் கேட்டிருக்கிறார். அதற்கு முன்னால் கதீட்டர் எங்கே போகிறது என்பதைச் சொல்ல வேண்டும்.

பிரான்சின் போர்தோ நகரில் மிஷேல் ஹைசகேர் குழுவினர் 1998இல் வெளியிட்ட ஆய்வில், 45 நோயாளிகளிடம் இந்தத் துடிப்புக் கோளாறைத் தூண்டிவிட்ட புள்ளிகளைத் தேடியபோது, அவற்றில் 94 சதவீதம் நுரையீரல் சிரைகளுக்குள் இருந்தன. இடது மேலறைக்கு ரத்தத்தைக் கொண்டுவந்து சேர்க்கும் நான்கு குழாய்கள் அவை. அன்றிலிருந்து இந்தச் சிகிச்சையின் மையமான வேலை, அந்தக் குழாய்களின் வாயைச் சுற்றித் தழும்பு உண்டாக்கி, அங்கே பிறக்கும் மின்தூண்டல் மேலறைக்குள் வராமல் அடைப்பதுதான். வெப்பத்தாலோ, குளிராலோ, அண்மைக்காலமாக மின்புலத் துடிப்பாலோ அதைச் செய்கிறார்கள்.

தொடை இடுக்கின் சிரை வழியாக ஏறும் கதீட்டர் வலது மேலறைக்கு எளிதாகப் போய்விடும். இடது மேலறைக்குப் போக, இரண்டுக்கும் இடையிலுள்ள தடுப்பை ஊசியால் துளைத்தாக வேண்டும். ஊசி சற்றே பின்னோக்கிப் போனால் மேலறையின் பின்சுவர் இருக்கிறது, முன்னோக்கிப் போனால் மகாதமனி இருக்கிறது. மேலறைச் சுவரோ சில மில்லிமீட்டர் தடிமன்தான். போதாததற்கு, கதீட்டரின் மேல் ரத்தக்கட்டி உருவாகாமல் இருக்க ஹெப்பாரின் கொடுத்து, உறைதல் நேரம் 300 நொடிக்குக் குறையாதபடி வைத்திருப்பார்கள். எந்த நேரத்தில் ஒரு சிறு துளை தானாக அடைபட வேண்டும் என்று விரும்புவோமோ, அந்த நேரம் பார்த்து ரத்தத்தை உறையவிடாமல் வைத்திருக்கிறோம். இந்த முரண்பாட்டைத் தவிர்க்க வழியில்லை.

இதய உறை சட்டென்று விரிந்துகொடுக்காது. மாதக்கணக்கில் மெதுவாகச் சேர்ந்தால் ஒரு லிட்டருக்கு மேல்கூட அது தாங்கும். சில நிமிடங்களில் சேர்ந்தால் 100, 200 மில்லிலிட்டரே இதயத்தை நிரம்பவிடாமல் நெருக்கிவிடும். இதைத்தான் டாம்பனேடு என்கிறார்கள். என் திரையில் அது தெரிந்த விதம் எப்போதும் ஏறக்குறைய ஒன்றுதான்: ரத்த அழுத்தக் கோடு ஒரேயடியாக விழாது, 120 இருந்தது 105 ஆகும், அடுத்த முறை நிமிர்ந்து பார்க்கும்போது 90. அளவுமானி சரியாக இருக்கிறதா என்று யாராவது கேட்பார்கள். எக்ஸ்ரே திரையில் இதயத்தின் இடது விளிம்பு துடிப்பை இழந்து அப்படியே நிற்பதைப் பார்த்த பிறகு அந்தக் கேள்வியை யாரும் கேட்க மாட்டார்கள். எக்கோவை, அதாவது இதயத்தை ஒலியலையால் காட்டும் கருவியை, வைத்துப் பார்த்தால் இதயத்தைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம் தெரியும். மார்பெலும்பின் கீழ்நுனிக்கு அடியில் ஊசியைச் செலுத்தி, சுருள்முனைக் குழாய் ஒன்றை உறைக்குள் விட்டு ரத்தத்தை வெளியே இழுப்பார்கள். ஹெப்பாரினை முறிக்கப் புரோட்டமின் போகும். இழுத்த ரத்தத்தையே சிரை வழியாகத் திருப்பி ஏற்றுவதும் உண்டு. முதல் 50 மில்லிலிட்டர் வெளியே வந்ததும் அழுத்தம் ஏறுவதைப் பார்ப்பது, அந்த அறையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய நிம்மதிகளில் ஒன்று. பெரும்பாலானவர்களுக்கு அதோடு முடிந்துவிடும். சிலருக்கு மார்பைத் திறந்து தையல் போட வேண்டிவரும்.

2010இல் வெளியான உலகளாவிய கணக்கெடுப்பில் இது 1.31 சதவீதம். 2023இல், 15,700 பேருக்கும் மேற்பட்டவர்களை உள்ளடக்கிய 89 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது 0.78 சதவீதம். குறைந்திருக்கிறது, போய்விடவில்லை.

5 பிப்ரவரி, சற்றுப் பிறகு

மருத்துவ மாணவர் ஒருவர், டாம்பனேடு என்றாலே அமெரிக்க அறுவை மருத்துவர் கிளாட் பெக் 1935இல் சொன்ன மூன்று அடையாளங்கள்தானே என்று கேட்கிறார். தாழ்ந்த அழுத்தம், புடைத்த கழுத்துச் சிரை, மங்கிய இதய ஒலி. தேர்வில் அப்படியே எழுதுங்கள். கேத் லேபிலோ நோயாளியின் கழுத்து விரிப்புகளுக்கு அடியில் இருக்கும். குளிர்விப்பு இயந்திரம், உப்புநீர் பம்ப், அபாய மணி எல்லாம் சேர்ந்து இரைந்துகொண்டிருக்கும்போது எந்த ஒலி மங்கியது என்பதைக் கண்டுபிடிக்கத் தனிக் காது வேண்டும். மூன்றில் அங்கே உதவுவது முதலாவது மட்டும்தான்.

அதுவும் ஏமாற்றும். நுரையீரல் சிரைகளின் வாயருகே நரம்பு முடிச்சுகள் இருக்கின்றன. அவற்றின் மேல் வெப்பம் பட்டால் நாடித்துடிப்பு திடீரென்று தாழ்ந்து, அழுத்தமும் கூடவே விழும். மின்சக்தியை நிறுத்தினால் சற்று நேரத்தில் இரண்டும் மீளும். மீளவில்லை என்றால் எக்கோ. டாம்பனேடில் நாடி வேகமாக இருப்பது வழக்கம்; ஆனால் அதிலும் சிலருக்கு நாடி தாழ்கிறது என்பதால், நாடியை மட்டும் பார்த்துக் காத்திருப்பவர்களை எனக்குப் பிடிக்காது.

7 பிப்ரவரி

"சிகிச்சையின்போது உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டதாக என் தம்பி சொல்கிறான், அது அவன் கற்பனையா?" என்று ஒரு கேள்வி.

கற்பனையாக இருக்க வேண்டியதில்லை. ரேடியோ அலை வெப்பம் திசுவுக்குள் 100 டிகிரி செல்சியசைத் தாண்டினால், உள்ளேயிருக்கும் நீர் ஆவியாகி வெடித்துக்கொண்டு வெளியேறும். கதீட்டரின் நுனியை உப்புநீர் குளிர்வித்துக்கொண்டே இருப்பதால், நுனியிலுள்ள வெப்பமானி 40 காட்டும்போதே ஆழத்தில் கொதிநிலை வந்திருக்கக்கூடும். மின்தடை எண் திடீரென்று குதிப்பதை நாங்கள் கணினியில் பார்ப்போம். சில நேரம் சத்தம் வெளியேகூடக் கேட்கும். பெரும்பாலும் அதனால் ஒன்றும் ஆவதில்லை. ஆனாலும் அந்தச் சத்தத்துக்குப் பின் அறையில் பேச்சு நின்று, எல்லாத் தலைகளும் அழுத்தக் கோட்டின் பக்கம் திரும்பும். வெடித்த இடத்தில் சுவர் கிழிந்திருந்தால் அடுத்து வருவது மேலே எழுதிய டாம்பனேடு. நுனி எவ்வளவு விசையோடு சுவரை அழுத்துகிறது என்பதைக் கிராமில் காட்டும் கதீட்டர்கள் வந்த பிறகு மருத்துவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அழுத்துவது குறைந்தது.

உங்கள் தம்பி இப்போது நலமாக இருந்தால், அந்தச் சத்தத்தைச் சொல்லிக்கொள்ள ஒரு கதையாக வைத்துக்கொள்ளலாம்.

8 பிப்ரவரி

நேற்று விட்டுப்போனது, காற்று.

கதீட்டருக்கு வழிவிட்டு இடது மேலறைக்குள் போகும் உறைக்குழாய் நீளமானது, அகலமானது. உள்ளிருந்து ஒரு கதீட்டரை வேகமாக உருவினால் வெற்றிடம் ஏற்பட்டு வெளிக்காற்று உள்ளே போகலாம். மயக்கத்திலிருக்கும் நோயாளி குறட்டை விட்டு ஆழமாக மூச்சை இழுக்கும்போதும் அப்படி நடக்கலாம். இடப்பக்கம் நுழைந்த குமிழி நுரையீரலுக்குப் போகாது. மூளைக்கோ இதயத்தின் சொந்தத் தமனிகளுக்கோதான் போகும். மல்லாந்து படுத்திருக்கும் உடலில் வலது இதயத் தமனியின் வாய் மேற்பக்கம் இருப்பதால், குமிழி மிதந்து போய் அங்கே சேர்வது அதிகம். பழைய நீர்க்குழாயில் காற்று அடைத்துக்கொள்வதைப் போலத்தான். உடனே என் திரையிலுள்ள ஈசிஜியில், இதயத்தின் அடிப்பகுதியைக் காட்டும் இரண்டாம், மூன்றாம், ஏவிஎஃப் முனைகளில் எஸ்.டி. எனப்படும் கோட்டுப்பகுதி செங்குத்தாக எழும், மாரடைப்பின் படம் அப்படியே. நாடி தாழும், அழுத்தம் விழும். ஆக்சிஜன் கொடுத்து, அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்துக் காத்திருந்தால் பெரும்பாலும் சில நிமிடங்களில் கோடு இறங்கிவிடும். அந்தச் சில நிமிடங்கள் நீளமானவை.

மூளைக்குப் போனால் பக்கவாதம். ரத்தக்கட்டி, காற்று எல்லாம் சேர்த்துப் பக்கவாதமும் தற்காலிகப் பக்கவாதமும் அந்த 2023 தொகுப்பில் 0.17 சதவீதம்.

இன்னும் அரிதான ஒன்று: சிரையின் வாயை அளக்கும் வளையக் கதீட்டர் வழிதவறிக் கீழறைப் பக்கம் சரிந்து, இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வின் நாண்களில் சிக்கிக்கொள்வது. அப்போது இழுக்கக் கூடாது. உறைக்குழாயை முன்னே தள்ளி, வளையத்தை நேராக்கி, மெதுவாக விடுவிக்கப் பார்க்க வேண்டும். பலம் போட்டு இழுத்தால் வால்வே கிழியும், அறுவைச் சிகிச்சைதான் முடிவாகும். பொறுமை இல்லாதவர்கள் இந்தத் துறைக்கு வரக் கூடாது என்று எங்கள் மூத்த மருத்துவர் சொல்வார். அவரே மின்தூக்கிக்குக் காத்திருக்க மாட்டார்.

11 பிப்ரவரி

இதுவரை எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தேன். எல்லாமே அந்த அறைக்குள், என் கண்முன் நடந்தவை. அதனால்தான் அவற்றைப் பற்றி இவ்வளவு எழுத முடிந்தது. ஆனால் கேள்வி கேட்டவருக்கு அவற்றால் பயன் குறைவு. மேசையின் மேல் வரும் சிக்கலைக் கண்டுபிடிக்க அங்கே ஆறேழு பேர், எக்கோ, ஊசி, ரத்தம் எல்லாம் தயாராக இருக்கின்றன. நோயாளியோ அவர் வீட்டாரோ அதில் செய்ய ஒன்றுமில்லை. நான் அங்கிருந்த காலம் முழுவதும் ஒரு தடவைகூடப் பார்க்காததைப் பற்றித்தான் அவருக்குச் சொல்ல வேண்டும். நான் பார்க்காததற்குக் காரணம் அது அரிது என்பது மட்டும் அல்ல. அது வரும் நேரத்தில் நோயாளி எங்களிடம் இல்லை.

உணவுக்குழாய் இடது மேலறையின் பின்சுவரை ஒட்டியே இறங்குகிறது. இரண்டுக்கும் இடைவெளி சில மில்லிமீட்டர்தான். மேலறையின் பின்சுவரில் வைத்த சூடு அந்த இடைவெளியைத் தாண்டிப் போய் உணவுக்குழாயைப் புண்ணாக்கலாம். பெரும்பாலான புண்கள் தாமே ஆறிவிடும். ஆறாமல் ஆழமாகும் மிகச் சிலருக்கு, உணவுக்குழாய்க்கும் மேலறைக்கும் இடையில் ஒரு வழி திறந்துவிடுகிறது. கதீட்டர் சிகிச்சைக்குப் பின் இப்படி நேர்ந்ததை 2004இல்தான் முதன்முதலாக மருத்துவ இதழ்களில் எழுதினார்கள்.

பாட்டர்-ஏஎஃப் என்ற பன்னாட்டு ஆய்வு 2023இல் வெளிவந்தது. 5,53,729 பேருக்கு நடந்த சிகிச்சைகளில் 138 பேருக்கு இது வந்திருந்தது, 0.025 சதவீதம். ரேடியோ அலை வெப்பத்தில் 0.038 சதவீதம், சிரையின் வாயை உறையவைக்கும் குளிர் பலூனில் 0.0015 சதவீதம். வந்தவர்களில் 65.8 சதவீதம் பேர் இறந்தார்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது இன்னோர் எண்: அறிகுறி தொடங்கிய நாளின் இடைநிலை (பாதிப் பேருக்கு அதற்கு முன், பாதிப் பேருக்கு அதற்குப் பின்), சிகிச்சைக்குப் பின் 18ஆவது நாள். இரண்டு மாதம் கழித்து வந்தவர்களும் உண்டு.

18ஆவது நாளில் மனிதர் எங்கே இருப்பார்? தொடையின் காயம் ஆறி, வேலைக்குத் திரும்பியிருப்பார். காய்ச்சல் வரும், அதுதான் மிகுதியாகக் காணப்பட்ட முதல் அறிகுறி. நெஞ்சு வலிக்கும், விழுங்க வலிக்கும், அல்லது திடீரென்று ஒரு கை விளங்காமல் போகும், பேச்சு குழறும். அப்லேஷன் செய்த இடத்துக்குப் போக மாட்டார். அருகிலிருக்கும் ஒரு பொது மருத்துவரிடம் காய்ச்சலுக்கு மருந்து கேட்பார், அல்லது பக்கவாதம் என்று அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோவார்கள். அங்கே யாருக்கும் பழைய கதை தெரியாது. விழுங்க வலிக்கிறது என்றால் எண்டோஸ்கோபி எழுதிக்கொடுப்பது எந்த நல்ல மருத்துவரும் செய்யக்கூடியதே. ஆனால் எண்டோஸ்கோபியில் உணவுக்குழாயை விரிக்கக் காற்றைச் செலுத்துவார்கள். அந்தக் காற்று துளை வழியாக மேலறைக்குள் போய், அங்கிருந்து மூளைக்குப் போகும். 8ஆம் தேதி எழுதிய குமிழிகளுக்குப் பக்கத்தில் ஆறேழு பேர் நின்றார்கள். இதற்குப் பக்கத்தில் எவரும் இல்லை.

ஆகவே, சிகிச்சைக்குப் பின் இரண்டு மாதம்வரை, எந்த மருத்துவரைப் பார்த்தாலும் முதல் வாக்கியமாக "இன்ன தேதியில் இடது மேலறையில் அப்லேஷன் செய்திருக்கிறது" என்று சொல்ல வேண்டும். காய்ச்சலோ விழுங்கும் வலியோ நரம்புக் கோளாறோ இருந்தால், சாயம் ஏற்றி மார்பை சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும், சந்தேகம் தீரும்வரை எண்டோஸ்கோபி கூடாது, சிகிச்சை செய்த குழுவை உடனே அழைக்க வேண்டும். இதை ஒரு தாளில் எழுதி அவர் பணப்பையில் வையுங்கள். அவரால் பேச முடியாமல் போகலாம் என்பதால், உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதே ஆய்வில் அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டவர்களில் 51.9 சதவீதம் பேர் இறந்தார்கள், மருந்தோடு நிறுத்தப்பட்டவர்களில் 89.5 சதவீதம். நோயின் நிலை ஆளுக்கு ஆள் வேறு என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆனாலும் நேரத்தோடு கண்டுபிடித்தவர்களுக்குத்தான் அறுவை என்ற வாய்ப்பே இருக்கிறது.

நான் வேலை பார்த்த இடத்தில் வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் தொடைக் காயம், குளியல், மாத்திரை எல்லாம் இருந்தன. எண்டோஸ்கோபி பற்றி ஒரு வரி நெடுங்காலம் இல்லை.

11 பிப்ரவரி, இரவு

"அப்படியானால் ஒவ்வொரு காய்ச்சலுக்கும் ஓட வேண்டுமா?"

முதல் இரண்டு மூன்று நாட்களில் லேசான காய்ச்சலும், மூச்சை ஆழமாக இழுத்தால் குத்தி, முன்னால் குனிந்தால் குறையும் நெஞ்சுவலியும் பலருக்கு வரும். சூடுபட்ட இதய உறையின் அழற்சி அது. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது வாரத்தில் புதிதாகத் தொடங்கும் காய்ச்சல் வேறு வகை. அதற்கு ஓட வேண்டாம், தொலைபேசியில் அழைத்தால் போதும். ஓட வேண்டுமா என்பதை அவர்கள் சொல்லட்டும்.

14 பிப்ரவரி

நேரம் கழித்து வருபவற்றில் இன்னும் சில.

இதய உறையில் ரத்தம் தேங்குவதே சில நேரம் நாட்கள், வாரங்கள் கழித்து நேர்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை தொடர்கிறது அல்லவா, மெல்லிய கசிவு தொடர்ந்துகொண்டே இருக்கும். வீட்டில் தலைசுற்றல், மூச்சிரைப்பு, மயக்கம் என்று தெரியும். எக்கோ ஒன்றே போதும் கண்டுபிடிக்க. எடுக்கத் தோன்ற வேண்டும்.

நுரையீரல் சிரைச் சுருக்கம் மாதக்கணக்கில் கழித்து வரும். தொடக்க காலத்தில் சிரையின் உள்ளேயே சூடு வைத்தார்கள்; தழும்பு சுருங்கிக் குழாயை அடைத்தது. பிறகு வாய்க்கு வெளியே, மேலறைப் பக்கமாக வைக்கத் தொடங்கியதும் பெரிதும் குறைந்தது. இருமல், மூச்சிரைப்பு, சளியில் ரத்தம், அதே இடத்தில் திரும்பத் திரும்ப நிமோனியா என்று வந்தால் நுரையீரலைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். அப்லேஷன் நடந்து ஐந்தாறு மாதம் ஆகியிருக்கும், நோயாளியே அதைச் சொல்ல மறந்திருப்பார். இங்கும் சி.டி.தான் வழி.

நிறையத் தழும்புள்ள இடது மேலறை விறைத்துப்போய் விரிய மறுப்பதும் உண்டு. துடிப்பு சீராகிவிட்டது, மூச்சு மட்டும் வாங்குகிறது என்பார்கள். 2011இல் வெளியான ஓர் ஆய்வில் 1.4 சதவீதம். மீண்டும் மீண்டும் அப்லேஷன் செய்துகொள்ள நினைப்பவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

16 பிப்ரவரி

குளிர் பலூனில் உணவுக்குழாய் ஆபத்து குறைவு என்றால் அதையே எல்லோருக்கும் செய்யலாமே என்று கேட்டவருக்கு: அதற்கென்று வேறொரு விலை இருக்கிறது. உதரவிதானத்தை இயக்கும் வலது ஃபிரெனிக் நரம்பு, வலது மேல் நுரையீரல் சிரையை ஒட்டிப் போகிறது. அந்தச் சிரையை உறையவைக்கும்போது நரம்பும் உறையலாம்.

இதைத் தடுக்கும் முறை எனக்குப் பிடித்தமானது, ஏனென்றால் அதில் எனக்கும் வேலை இருந்தது. மேற்பெருஞ்சிரையில் வைத்த கதீட்டர் வழியாக நான் நரம்பைத் தொடர்ந்து தூண்டிக்கொண்டிருப்பேன். நோயாளி விக்கல் எடுப்பதைப் போல உதரவிதானம் ஒவ்வொரு தூண்டலுக்கும் உதைக்கும். ஒருவர் கையை வயிற்றின் மேற்பகுதியில் வைத்து அந்த உதையை உணர்ந்துகொண்டே இருப்பார். உதை வலுவிழந்தால் அந்த நொடியே குளிர்விப்பை நிறுத்த வேண்டும். பல கோடி ரூபாய்க் கருவிகள் நிறைந்த அறையில் கடைசியில் காப்பது வயிற்றின் மேல் வைத்த ஒரு கை.

ரேடியோ அலை வெப்பத்தையும் குளிர் பலூனையும் ஒப்பிட்ட 2016இன் ஃபயர் அண்ட் ஐஸ் ஆய்வில், பலூன் பிரிவில் வீடு திரும்பும் நாளில் 2.7 சதவீதம் பேருக்கு இந்த நரம்புக் காயம் இருந்தது. ஓராண்டுக்குப் பின் 0.3 சதவீதம் பேருக்கு மட்டுமே நீடித்தது.

20 பிப்ரவரி

கேள்வி கேட்டவர் திரும்ப எழுதியிருக்கிறார். அவர் கணவருக்கு மின்புலத் துடிப்பு முறையில் செய்யப்போகிறார்களாம். "இதில் ஆபத்தே இல்லை" என்று சொன்னார்களாம்.

அந்த வாக்கியத்தில் பாதி உண்மை. சூடோ குளிரோ இல்லாமல், மிகக் குறுகிய நேர உயர் மின்னழுத்தத் துடிப்புகளால் செல்களின் உறையில் துளையிடும் முறை இது. இதயத் தசை அதற்கு எளிதில் மடிகிறது, உணவுக்குழாயும் நரம்பும் பெரும்பாலும் தாங்கிக்கொள்கின்றன. 2024இல் வெளிவந்த மேனிஃபெஸ்ட்-17கே ஆய்வில் 17,642 பேரில் ஒருவருக்கும் உணவுக்குழாய்த் துளை இல்லை, சிரைச் சுருக்கம் இல்லை, நீடித்த ஃபிரெனிக் செயலிழப்பு இல்லை.

4ஆம் தேதி போட்ட கணக்கை இங்கேயும் போடுவோம். 3ஐ 17,642ஆல் வகுத்தால் ஏறத்தாழ 5,900இல் ஒன்று. பழைய ரேடியோ அலை விகிதம் இருந்திருந்தால் இத்தனை பேரில் ஆறேழு பேருக்குத் துளை வந்திருக்க வேண்டும். 300இல் சுழியம் என்பது எதையும் காட்டவில்லை. 17,642இல் சுழியம் உண்மையான வேறுபாட்டைக் காட்டுகிறது. ஆனாலும் "இல்லை" என்று முடித்துவிட அது போதாது. 11ஆம் தேதி சொன்ன தாளை இவருக்கும் எழுதி வைப்பதில் நட்டமில்லை.

மறுபாதி: தடுப்பைத் துளைக்கும் ஊசி அதேதான், மேலறைச் சுவரும் அதேதான். அதே ஆய்வில் டாம்பனேடு 0.36 சதவீதம், பக்கவாதம் 0.12 சதவீதம், மரணம் 0.03 சதவீதம். புதிதாக வந்தவையும் இரண்டு உண்டு. இதயத் தமனிக்கு அருகில் துடிப்பைச் செலுத்தினால் தமனி இழுத்துச் சுருங்கிக்கொள்கிறது, 0.14 சதவீதம். வலது மேலறையின் கீழ்ப்பகுதியில், மூவிதழ் வால்வுக்கும் கீழ்ப்பெருஞ்சிரைக்கும் இடையில் கோடு போடும்போது வலது இதயத் தமனி மிக அருகில் இருப்பதால் கவனம் வேண்டும். நைட்ரோகிளிசரின் கொடுத்தால் பெரும்பாலும் விரிந்துவிடும். திரையில் தெரியும் படமோ காற்றுக்குமிழியின் படத்தைப் போலவே இருக்கும். குழு எதை முதலில் நினைக்கிறது என்பது அன்றைக்கு எந்தக் கருவி கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மற்றொன்று, சிவப்பணுக்கள் உடைவது. உடைந்தவற்றிலிருந்து வெளிவரும் ஹீமோகுளோபின் சிறுநீரகத்தை அடைக்கலாம். டயாலிசிஸ் தேவைப்பட்டவர்கள் 0.03 சதவீதம். எத்தனை முறை துடிப்பு செலுத்துகிறார்கள் என்பதோடு இது கூடுகிறது. உங்கள் கணவருக்குச் சிறுநீரகக் கோளாறு ஏதும் இருந்தால் முன்னதாகச் சொல்லுங்கள். மறுநாள் சிறுநீர் செம்பழுப்பாக இருந்தால் செவிலியரிடம் காட்டாமல் வெளியே வராதீர்கள்.

23 பிப்ரவரி

இத்தனையும் படித்த பிறகு இந்தச் சிகிச்சையே எதற்கு என்று ஒருவர் கோபமாகக் கேட்டிருக்கிறார்.

2019இல் வெளிவந்த கபானா ஆய்வில் 2,204 பேரை இரு பிரிவாக்கிப் பார்த்தபோது, மரணம், கடும் பக்கவாதம் போன்றவற்றின் கூட்டுக் கணக்கில் அப்லேஷன் மருந்தைத் தெளிவாக வெல்லவில்லை. அப்லேஷன் பிரிவில் துடிப்புக் கோளாறு திரும்ப வருவது குறைவாக இருந்தது, அன்றாட வாழ்க்கையின் தரம் மேலாக இருந்தது. ஆகவே நெஞ்சு படபடத்து, மூச்சு வாங்கி, இரவெல்லாம் விழித்திருப்பவருக்கு இதில் பயன் உண்டு. தொல்லையே இல்லாத ஒருவருக்கு, இதயம் பலவீனமும் இல்லை என்றால், நான் மேலே எழுதியவை எல்லாம் கூடுதல் கனத்தோடு தெரிய வேண்டும். அப்லேஷன் செய்துவிட்டால் ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று எண்ணி வருபவர்கள் நிறையப் பேர். வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை போன்றவற்றை வைத்துத்தான் அதை முடிவு செய்வார்கள், துடிப்பு சீரானதை வைத்து அல்ல.

26 பிப்ரவரி

தேதி குறித்துவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறார். இரண்டு சிறு கேள்விகள்.

இரவு இரண்டு மணிக்கு அழைத்தால் எடுக்கும் எண் எது என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பகல்நேர முன்பதிவு எண்ணைத்தான் பெரும்பாலும் கொடுப்பார்கள். அந்த எண்ணைப் பணப்பைத் தாளின் மேல்வரியில் எழுதுங்கள், தேதியை அதற்குக் கீழே.

அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை எதற்கு, வயிற்றில் கோளாறு இல்லையே என்பது இரண்டாவது. உணவுக்குழாயில் புண் உண்டாகியிருந்தால் ஆறுவதற்கு உதவும் என்று சில வாரங்களுக்குக் கொடுப்பது வழக்கம். மிக அரிதான ஒன்றை ஒரு மாத்திரை தடுக்கிறது என்று ஆய்வில் காட்டுவது கடினம், அப்படி யாரும் காட்டவில்லை. புண்ணுக்கு நல்லது என்ற அளவில்தான் கொடுக்கிறார்கள். மின்புலத் துடிப்பு முறையிலும் சில குழுக்கள் பழக்கத்தால் தொடர்கின்றன, சில விட்டுவிட்டன. கொடுத்தால் சொன்ன நாள்வரை சாப்பிடட்டும். மாத்திரை சாப்பிடுகிறோமே என்று மூன்றாவது வாரக் காய்ச்சலைப் பொருட்படுத்தாமல் விட வேண்டாம்.